மேற்குக் கோட்டை அனுப்பிய அரிசி வண்டி

1. ஆளில்லாத கோட்டைகள்

சீசன் முடியப் பதினான்கு நாள் இருக்கும்போது மேப்பில் பாதிக் கோட்டைகளில் ஆளே இல்லை.

நான் தெஹியோவிட்டவில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் போர் விளையாட்டைக் கவனிக்கிறவள். பன்னிரண்டு வருட சர்வீஸ். "இந்த வயசிலயும் விளையாட்டுத்தானா?" என்று ஊரில் கேலி செய்வார்கள். எங்கள் விளையாட்டில் ஒரு சீசன் எழுபது நாள். கோட்டை கட்டி, கூட்டணி சேர்ந்து, மேப்பைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் எல்லாம் அழிந்து புது சீசன் தொடங்கும். தோற்பது உறுதியானால் தோற்கிறவன் போய்விடுவான். அடிக்க ஆளில்லை என்றால் ஜெயிக்கிறவனும் போய்விடுவான். அந்தக் கடைசிக் கட்டத்தை, எண்ட்கேமை, சாகவிடாமல் வைத்திருப்பதுதான் என் வேலை.

மேனேஜர் நிலந்த போனில் பிடித்துக்கொண்டார். "மிஸ், இந்த முறையும் கடைசியில ஆள் இல்லாட்டி சர்வர மூடிருவாங்க. எப்படியாச்சும் ஆள் நிக்கணும். ஹரித?" என்றார், சரியா என்பதைச் சிங்களத்தில்.

"ஹரி சார்" என்றேன்.

2. பேர் போட்டேன்

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலைக்கு வந்து நிற்கிறவர்களுக்குக் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். அம்மாவைக் காணோம் என்றால் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, "வந்துக்கிட்டு இருக்காங்கய்யா, பேரப் போட்டுருங்க" என்பார். அதை நாங்கள் யாரும் பொய் என்று நினைத்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். பதினைந்து நாளாக வராத நாற்பது பேரின் கணக்குகளை எடுத்தேன். அவரவர் பழைய ஆட்டத்தைப் பார்த்து அதேபோலத் தானாக ஆடும் நிரல்களை, பாட்களை, உள்ளே விட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்கவும் இல்லை. மூன்றே நாளில் மேப் முழுக்கச் சண்டை. நிலந்த, "சூப்பர் மிஸ்!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. வண்டி

நாலாம் நாள் முன்னணிக் கூட்டணி சண்டையை நிறுத்திவிட்டது. அதன் தலைவி கௌரி, கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். மேற்குக் கோட்டை ஒன்றை மட்டும் பிடித்தால் சீசன் அவளுக்கு. அதைச் சுற்றிப் படையை நிறுத்தியவள் அசையவே இல்லை. கூட்டணிக்காரர்கள் எனக்குப் புகாருக்கு மேல் புகார் அனுப்பினார்கள். பகல் இரண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா அடிக்காம நிக்கிறீங்க?"

"அக்கா, மேற்குக் கோட்டையில யாரு விளையாடுறது?"

"அத சொல்ல ஏலாதும்மா."

"அது என் தம்பி தினேஷோட கோட்டை. என்னோட மல்லுக்கட்டணும்னே எதிர்க்கூட்டணியில சேந்தான். அடிக்க முன்னாடி ஒரு வண்டி அரிசி அனுப்புவான். சாப்பிட்டு வா, சண்டை போடலாம்னு அர்த்தம். நேத்து வண்டி வந்துச்சுக்கா."

"நல்லதுதானே" என்றேன், மடைச்சி நான்.

"அவன போன மாசம் குளவி கொட்டிருச்சு. அடக்கம் பண்ணிட்டோம்."

அந்தக் கோட்டையின் பதிவேட்டைத் திறந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து இன்னொரு அரிசி வண்டி கிளம்பியது.

உண்மையைச் சொன்னேன்.

"மெஷின்னு நெனச்சேன்க்கா. ஆனா நிறுத்தாதீங்க. நான் புடிச்சா எல்லாம் அழிஞ்சிரும். வண்டி வராது." பிறகு மெதுவாக, "காலையில சாப்பிட்டியாடான்னு மெசேஜ் போட்டேன். பதிலுக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. வண்டியை விட அதிகமாக.

"நிறுத்துறேம்மா. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். அவள் அழுதாள். நானும்தான். நாற்பது பாட்களையும் எடுத்தேன். செய்ததை எல்லாக் கூட்டணிக்கும் எழுதிப் போட்டேன். நிலந்த திட்டியதை இங்கே எழுத முடியாது.

மாலை ஆறரைக்குக் கௌரி கூப்பிட்டாள்.

"அக்கா, நிறுத்திட்டீங்கதானே?"

"நிறுத்திட்டேன்."

"வண்டி வந்திருச்சு."

எங்கள் விளையாட்டில் வண்டி போய்ச்சேர நாலு மணி நேரம் ஆகும். இது நான் நிறுத்துவதற்கு முன் கிளம்பியது. தெரிந்தும் பதிவேட்டை மூன்று தரம் பார்த்தேன்.

"அப்போ இதுதான் கடைசி" என்றாள். மறுநாள் விடிந்ததும் மேற்குக் கோட்டையைப் பிடித்தாள். சீசன் முடிந்தது.

கம்பெனியிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சீசன் வாங்கினோம். இந்த முறை நேர்வழியில் விதிகளை மாற்றினேன். சொந்தக் கோட்டையை விட்டுத் தூரம் போகப் போகப் பெரிய படை இளைக்கும். சின்னக் கூட்டணிகள் கடைசி நாள் வரை ஒன்றுசேரலாம். ஆள் போன கோட்டையில் விளக்கு அணைந்துவிடும், எல்லோரும் பார்க்கலாம். கடைசி நாள் வரை மூன்று கூட்டணிகள் மோதின. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, வராதவருக்குப் பேர் போடாதீர்கள். அந்த இடத்துக்காக யாரோ அழுதுகொண்டிருக்கலாம்.

அந்தப் புது சீசனின் முதல் வாரத்தில் ஒரு கோட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவனுக்கு அரிசி வண்டி போவதைப் பார்த்தேன். ஏதாவது பாட் மிச்சமிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அனுப்பியது கௌரி. "என்ன இது?" என்று அவன் கேட்டிருந்தான்.

"சாப்பிட்டு வாங்க, சண்டை போடலாம்" என்று பதில் போட்டிருந்தாள்.