ஆர்லிஸிடம் செத்தவர்கள் தப்ப முடியாது

முதலில் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பான் ஆர்லிஸ். பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளில் தேடுகிற ஆளின் பெயர் கணினித் திரையில் வந்து நின்றாலும் அதைத் தொடமாட்டான். மேல் வரியில் யார் வீடு, கீழ் வரியில் யார் வீடு என்று விரலை ஓட்டிக்கொண்டு போவான். "சென்சஸ் எடுத்தவன் குதிரையில வீடு வீடாப் போனான் அண்ணி. பேரு பொய் சொல்லும், வயசு பொய் சொல்லும். பக்கத்து வீடு எங்க போயிடும்?"

அண்ணி என்றது என்னை. அவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தக் கெண்டக்கி மலை இடுக்குக்கு வந்தவள் நான். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்; தம்பி இன்னும் என் சமையலறையில்தான் சோள ரொட்டி தின்கிறான். முப்பது வருஷம் நிலக்கரி லாரி ஓட்டிய கை, மண்வெட்டி மாதிரி இருக்கும். அதில் ஒரே ஒரு விரலை நீட்டி, கோழி கொத்துகிற மாதிரி எழுத்தைக் கொத்துவான். எங்கள் இடுக்கில் இணையம் எட்டாது. ஊர் நூலகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, சுவரைத் தாண்டி வருகிறதைப் பிடிப்பான். உள்ளே வந்து உட்காரலாமே என்று நூலகத்துப் பெண் கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே சத்தம் போடக் கூடாதாம். இவனுக்குச் செத்தவர்களோடு சண்டை போடாமல் வேலை ஓடாது.

"ஏய் லூட்டி, பத்து வருஷத்துல ஒனக்கு ஆறு வயசுதான் ஏறிச்சா? மிச்சத்த எங்கடி ஒளிச்சு வச்ச?" என்று எப்போதோ செத்துப்போன ஒருத்தியிடம் வண்டிக்குள்ளிருந்து கத்துவான். தெருவில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

கண்டுபிடித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளவும் தெரியாது. எங்கள் சபை மூப்பர் ஹோபர்ட் தன் தாத்தாவைத் தேடித் தரச் சொன்னார். ஆராதனை முடிந்து ஊரே வாசலில் நிற்கும்போது இவன் போய், "கெடைச்சுட்டாரு ஹோபர்ட்! பெரிய வீடு. கூடவே நாப்பது ஆம்பளைங்க. குடும்பத் தலைவர்னு ஜெயிலரப் போட்டிருக்கான்" என்றான். அன்றிலிருந்து மூப்பர் இவனுக்குக் கை கொடுப்பதில்லை. ஏனடா இப்படி என்றால், "கேட்டாரு, சொன்னேன்" என்பான். அவனுடைய நியாயம் மொத்தமும் அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் போன வசந்தத்தில் தன் வீட்டுப் பிணத்தையே தோண்டிவிட்டான்.

அவன் கொள்ளுத்தாத்தா லெவி டாக்கெட். சுரங்கம் இடிந்தபோது உத்தரத்தைத் தோளில் தாங்கி, கூட வேலை செய்த பையன்களை வெளியே விட்டுவிட்டுத் தான் உள்ளே நசுங்கிப் போனவர் என்பது குடும்பக் கதை. உடல் கிடைக்கவில்லை. மலைமேல் வெறும் மண்ணுக்குக் கல் நட்டிருக்கிறது. மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறன்று, ஆர்லிஸின் ஐடெல் அத்தை அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வார். தொண்ணூற்றிரண்டு வயது, லெவியின் பேரப்பிள்ளைகளில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். நான் கல்யாணமாகி வந்த வருஷம் லெவி நாலு பையன்களைக் காப்பாற்றியிருந்தார். அது வளர்ந்து பதினொன்று வரைக்கும் வந்திருந்தது.

அடுத்து எடுத்த சென்சஸில் லெவியின் மனைவி மஹாலா இருக்கிறாள். விதவை, துணி வெளுத்துப் பிழைக்கிறவள், ஒரு பையன். எல்லாரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். செத்தவனை யார் தேடுவார்கள்? லெவியின் தம்பி ஈனக் பிழைப்புக்கு பக்கத்து மாநிலம் ஒஹாயோவுக்குப் போனவன். ஆர்லிஸ் ஒஹாயோ சென்சஸில் அந்த ஈனக்கைப் பிடித்தான். பிடித்து, வழக்கப்படி பக்கத்து வீட்டைப் பார்த்தான்.

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, உத்தரத்தத் தாங்குன தோளு ஒஹாயோவுல சவரம் பண்ணிக்கிட்டிருக்கு."

"யாருடா?"

"லெவி! முடி வெட்டுற கடை வச்சிருக்கான். புதுப் பொண்டாட்டி, கைக்குழந்தை. இது எத்தனாவது கல்யாணம்னு கேட்டதுக்கு மொதலாவதுன்னு சொல்லியிருக்கான், திருட்டு ராஸ்கல்."

"வேற லெவியா இருக்கும்."

"வயசு ஒத்துப்போகுது, பொறந்தது கெண்டக்கின்னு இருக்கு, அடுத்த வீட்டுல கூடப்பொறந்தவன். இன்னும் என்ன வேணும், அந்தாளு வந்து ஒங்களுக்கு முடி வெட்டணுமா?"

"அத்தைகிட்ட நீ சொன்னதாத் தெரிஞ்சுது, இந்த வீட்டுல ஒனக்கு ரொட்டி கெடையாது."

"ஹோபர்ட்டுக்கு ஊரக் கூட்டி வச்சுச் சொன்னேன். நம்ம வீட்டுப் பொணத்துக்கு மட்டும் சலுகையா?"

"சலுகைதான். வாயை மூடு."

மூடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. ரொட்டியைத் தொடாமல் போனான். அது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும்.

பூ வைக்கிற ஞாயிறு வந்தது. மலை ஏறும்போது என் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் நின்றான். "ஈனக் அடிக்கடி ஊருக்கு வந்து போனவன் அண்ணி. லெவி உசுரோட இருக்கிறது மஹாலாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே மேலே ஏறினேன்.

மேலே மேசைகளில் பொரித்த கோழி, மசாலா முட்டை, ஆப்பிள் தடவிய அடுக்கு கேக். ஐடெல் அத்தை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கதையை முடித்தார். இந்த வருஷம் லெவி பன்னிரண்டு பேரைக் காப்பாற்றினார். ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மூப்பர் ஹோபர்ட் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்ப்பா ஆர்லிஸ், ஊரார் தாத்தாவையெல்லாம் தேடுறியே. ஒங்க லெவியப் பத்தி அந்தப் பொட்டி என்ன சொல்லுது?"

அத்தை தலையைத் திருப்பினார். "சொல்லேன்டா. இருக்காரா அதுல எங்க தாத்தா?" அவர் கை இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டால் சொல்கிறவன். இப்போது கேட்டுவிட்டார்கள்.

ஆர்லிஸ் அத்தையைப் பார்த்தான். பிறகு, தள்ளி ஓரமாக இருந்த மஹாலாவின் சின்னக் கல்லைப் பார்த்தான்.

"கொள்ளுப்பாட்டி விதவைன்னு போட்டிருக்கு அத்தை. வாசல்ல கணக்கெடுக்க வந்தவன்கிட்ட அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னா சரி."

மூப்பர் விடவில்லை. "அவ்வளவுதானா? பக்கத்து வீட்டையும் பாத்திருப்பியே?"

"பாத்தேன். நல்ல ஜனங்க. ஒருத்தரும் ஜெயில்ல இல்ல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. அத்தை மடியிலிருந்த பூங்கொத்தை நீட்டி, "இந்தா, தாத்தாவுக்கு வை" என்றார். வாங்கிக்கொண்டான். ஒரு கையில் பூ, ஒரு கையில் தொப்பி. சுவரில் அடித்த ஆணியில் மாட்டுகிற மாதிரி லெவியின் கல்மேல் தொப்பியை மாட்டிவிட்டு, பூவை எடுத்துக்கொண்டு போய் மஹாலாவின் முன்னால் மண்டியிட்டு, கல்லில் படர்ந்திருந்த பாசியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.