வண்டியில் ஏற்றாத மெஷின்

மெஷினுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் பிரெஞ்சுக்காரனிடமிருந்து கைமாறிய விவகாரம் இந்த வருஷம் காகிதத்திலும் முடிந்துவிட்டதால் புதுச்சேரியில் இப்போது மேடைக்கும் மைக்குக்கும் பஞ்சமில்லை. விஞ்ஞான யுகம் வந்துவிட்டதாம். படிப்பு எல்லோருக்கும் பொதுவாம். பேசட்டும். மெஷினுக்கு ஆள் தெரியாதுதான். எந்த மெஷின் முன்னால் யாரை உட்கார வைப்பது என்று முடிவு பண்ணுகிற ஆளுக்கு நன்றாகத் தெரியும். நான் படிப்பை விட்டதே இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஐம்பத்து நாலில் கொடி மாறும்வரை நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வாத்தியாரை ‘மெசியே’ என்று கூப்பிட்டுப் பழகியவன். பிறகு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று இரண்டு வகுப்பு கீழே இறக்கி உட்கார வைத்தார்கள். மீசை அரும்பின முகத்தோடு சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருந்தேன். வாய் தவறி ‘மெசியே’ என்று சொல்லிவிட்டால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். சாரும் சேர்ந்து சிரித்துவிட்டு, சிரித்து முடித்த பிறகு அடிப்பார்.

நானோ இயல்பிலேயே பயந்தவன். நாளைக்கு மழை வந்தால் நோட்டு நனையுமே என்று இன்றைக்கே சாப்பிடாமல் இருக்கிற ரகம். அப்பாவுக்கு மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. அவர் காலையில் இருமினால் சளியோடு பஞ்சு வரும். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டேதான் நான் கண் விழிப்பேன். நம்முடைய மார்பிலும் இந்தப் பஞ்சு வந்து அடைந்துகொள்ளப் போகிறது என்ற நினைப்பு அன்றன்றைக்கு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் வணிகப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியபோது எனக்கு ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. டைப் தேர்வில் தேறினால் ஆபீஸ் வேலைக்கு மனுப் போடலாம். ஆபீசில் பஞ்சு கிடையாது. அப்பாவும் சரி என்றார், தன் பாணியில்.

“தட்டு, வேணாங்கல. ஆனா ஒரு தபாதான். தேறலன்னா என்கூட மில்லுக்கு வந்துடு. பதிலி ஆளு எடுக்கறாங்க, மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

பதிலி என்றால் வராதவன் இடத்தில் நிற்கிறவன். எனக்கென்று அங்கே ஓர் இடம்கூட இருக்காது, இன்னொருவனுடைய இடத்தில் நின்று இன்னொருவனுடைய பஞ்சைச் சுவாசிக்க வேண்டும். ஆகவே இந்தத் தேர்வு எனக்கு வாழ்வா சாவா என்பதாக இருந்தது.

டைப் சார் கடலூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் மர அளவுகோல். முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எந்தத் தெரு?” எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்டால் தப்பு, தெருவைக் கேட்டால் மரியாதை. பதிலைக் கேட்டுக் கேட்டு மெஷினைக் காட்டினார். ஜன்னலோரம் புதிதாக வந்து இறங்கிய இங்கிலீஷ் டைப் மெஷின்கள் பளபளவென்று இருந்தன. நான் மில் தெரு என்றேன். அளவுகோல் அறையின் கோடியைக் காட்டியது.

அங்கே இருந்தது பழைய பிரெஞ்சு மெஷின். ஏதோ கச்சேரியிலிருந்து, அதாவது சர்க்கார் ஆபீசிலிருந்து, கழித்துப் போட்டது. கறுப்பாக, கனமாக, ஒரு பக்கம் துருவேறிக் கிடந்தது. துருவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உட்கார்ந்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. கரும்பலகையில் சார் எழுதியிருந்த மேல் வரிசை க்யூ, டபிள்யூ என்று தொடங்கியது. என் மெஷினில் மேல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கியது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருந்தது. எம் எழுத்தைக் கீழ் வரிசையில் தேடினேன். அது நடு வரிசையில், எல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பிரெஞ்சுக்காரன் எழுத்துகளைத் தன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறான். எழுந்து நின்றேன்.

“சார், இதுல எழுத்து இடம் மாறி இருக்கு சார்.”

“எத்தினி எழுத்துடா இருக்கு?”

“இருபத்தாறு சார்.”

“அங்க?”

“அங்கயும் இருபத்தாறுதான் சார்.”

“அப்புறம் இன்னா? எல்லாம் ஒண்ணுதான். அது எங்க இருக்கோ அங்க தட்டு. தாள்ல ஏ விழுந்தா ஏ. உக்காருடா மெசியே.”

வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் அதுதான்.

நான் உட்கார்ந்தேன், தட்டினேன். விசையைப் பார்த்து அடித்தால் அளவுகோல் மணிக்கட்டில் விழும். அதனால் பார்க்காமல் அடிக்கப் பழகினேன். அடிக்குப் பயந்தவன் நன்றாகப் பழகுவான். சில மாதத்தில் என் விரல்கள் அந்த மெஷினைக் குருடன் தன் வீட்டை அறிகிற மாதிரி அறிந்துகொண்டன. தாளில் பிழை இல்லை. சாருக்கே அது பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஒரு நாளும் பாராட்டியதில்லை.

ஆனால் கவலை விடவில்லை. தேர்வு வேறு பள்ளிக்கூடத்தில் நடக்கும். அங்கே எந்த மெஷின்? இதை நான் சாரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். கடைசியில் அவர் எரிந்து விழுந்தார்.

“ஏண்டா உயிர வாங்கற? எல்லா இன்ஸ்டிடியூட்காரனும் அவனவன் மெஷின வண்டியில ஏத்திட்டுத்தான் வருவான். நாமளும் ஏத்திட்டுப் போவோம். உன் மெஷின்ல நீ அடிப்ப. போதுமா? இன்னொரு தபா கேட்ட, வகுப்புலயே சேக்க மாட்டேன்.”

போதும் என்று வந்தேன். அப்படித்தான் வழக்கமும். தேர்வு நாளில் டைப் இன்ஸ்டிடியூட்காரர்கள் மெஷின்களைச் சாக்குப் போட்டு மூடிக் கைவண்டியில் கொண்டுவருவதைப் பெரிய வாய்க்கால் ஓரம் நானே பார்த்திருக்கிறேன்.

தேர்வு நாள் காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் தேர்வு நடக்கிற பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். எங்கள் வண்டி வந்தது. சாக்கை நீக்கினார்கள். ஒவ்வொன்றாக இறக்கினார்கள். புது மெஷின்கள் எல்லாம் இறங்கிவிட்டன. வண்டி காலியாக நின்றது.

“சார், என் மெஷின்?”

“அது கனம்டா. வண்டிக்காரன் முடியாதுன்னுட்டான். இங்க ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு, அதுல உக்காரு.”

“சார், எழுத்து...”

“ஆரம்பிச்சிட்டியா? எல்லாம் ஒண்ணுதான், போடா.”

உட்கார்ந்தேன். முன்னால் இருந்தது புத்தம்புது மெஷின். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது தொட விடமாட்டார்களா என்று நான் ஏங்கிய அதே ரக மெஷின். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்ட ஆரம்பித்தார்கள், மில்லில் ஒரு பிரிவு ஓடுகிற சத்தம் மாதிரி இருந்தது. என் விரல்கள் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தன. பார்க்காதே என்று அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பார்க்கவில்லை. முதல் வரி முடிந்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். தட்டக் கொடுத்திருந்தது சென்னைக்கு எழுதின ஒரு கடிதம். மெட்ராஸ் என்று வரவேண்டிய இடத்தில் முதல் எழுத்தான எம்முக்குப் பதில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. ஏ வரவேண்டிய இடத்திலெல்லாம் க்யூ.

அதற்குப் பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். நேரம் முடிந்தபோது கடிதத்தில் பாதிகூடத் தாண்டவில்லை.

தேர்வு மேற்பார்வையாளராக வந்திருந்தவர் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தார். என்னுடையதைப் பார்த்து நின்றார்.

“இது எந்த ஊர்ப்பா? இந்தப் பேர்ல ஒரு ஊரா?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “சார், நான் பிரெஞ்சு மெஷின்ல பழகினவன் சார். அதுல எழுத்து வேற இடம். அந்த மெஷின கொண்டாந்தா இப்பவே தப்பில்லாம அடிச்சிக் காட்டறேன் சார்.”

அவர் உரக்கச் சிரித்தார். “பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டிட்டுப் போய்ட்டான். நீ இன்னும் போகலியா?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் எங்கள் சாரைப் பார்த்தேன். அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை. ஆமாம், அவன் பழகினது வேறு மெஷினில் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்னது இது.

“மில் தெரு பையன் சார். உக்காந்து பழக மாட்டான். மெஷின் மேல பழி போடுவான்.”

“சார், எல்லாம் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன். என் வாழ்நாளில் பயமில்லாமல் நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். குரல் மட்டும் கேவிக்கொண்டு வந்தது.

“எதிர்த்துப் பேசறியா? வெளிய போடா. அடுத்த வருஷம் வா, உன் மெஷின் அங்கயேதான் இருக்கும்.”

அடுத்த வருஷம் அதே கோடியில், அதே மெஷினில், அதே தோல்விக்காகப் பழக வேண்டும். வெளியே வந்தவன் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பவில்லை. மறுவாரம் மில் சங்கு ஊதியபோது அப்பா, “வா” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அப்பா மேல் கோபமில்லை. அந்தச் சார் மேல் இருக்கிறது. பழகாதவன் என்று சொன்னாரே, அதை இன்றும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதுதான் நான் தேறாததற்குக் காரணம். கற்றுக்கொள்ளாமல் ஏமாற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு பெண் பிறகு அதே வணிகப் பிரிவில் சேர்ந்தாள். அப்போது பெண்களையும் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தெருவைக் கேட்டு அவளையும் அந்தக் கோடி மெஷினில்தான் உட்கார வைத்தார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருக்குழாயடியில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குடம் நிறைகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

“தெரியும்ண்ணே. மொத நாளே பாத்துட்டேன்.”

“கேட்டியா அவர?”

“உன்ன மாதிரி கேட்டுட்டு நிக்க நான் இன்னா லூசா? அவரு பக்கத்துல வரப்ப மட்டும் தட்டுவேன். அவரு அந்தாண்ட போனா சும்மா குந்திருப்பேன். வூட்டுல அட்டைல இங்கிலீஷ் மெஷின் மாதிரியே கட்டம் போட்டு வெச்சிருக்கேன். ராத்திரி அதுல பழகறேன்.”

“அட்டையிலயா? சத்தமே வராதே.”

“சத்தம் உனக்குத்தான் வேணும். எனக்கு பாஸ் வேணும்.”

அவள் தேறினாள். ஆண்டு விழாவுக்கு எங்கள் தெருவே போயிற்று. நான் பகல் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு போய்ச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றேன். மைக்கில் டைப் சார் பேசினார். இந்தப் பெண் பழகியது புது மெஷினில்கூட இல்லை, பழைய பிரெஞ்சு மெஷினில், மெஷினுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது, மனம் இருந்தால் எந்த மெஷினும் ஒன்றுதான் என்றார். முன்பு ஒருவன் மெஷின் மேல் பழி போட்டுவிட்டு ஓடிப்போனான் என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் சுவரைத் தாண்டி வந்து என் மேல் விழுந்தது. அவள் மேடையில் தலை குனிந்து பரிசை வாங்கினாள். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

மறுநாள் குழாயடியில் கேட்டேன். “ஏன் சொல்லல?”

“சொன்னா சர்ட்டிபிகேட்ட நிறுத்தி வெச்சிடுவாங்கண்ணே. வேல கெடைக்கட்டும்.”

போன மாதம் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கச்சேரியில் புது மெஷின், காற்றாடிக்குக் கீழே நாற்காலி. வெளுத்த புடவையில் வேலை முடிந்து வந்தவளைத் தெருமுனையில் மறித்தேன்.

“இப்ப சொல்லலாமில்ல? இப்ப உன்ன இன்னா பண்ண முடியும் அவரால?”

அவள் தன் வீட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

“என் தம்பிய இந்த வருஷம் அங்கதான் சேத்திருக்கோம்ண்ணே.”

“எந்த மெஷின்?”

“எந்த மெஷினா இருக்கும்?” என்றாள். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு, “அட்டைய அவனுக்குக் குடுத்துட்டேன்” என்றாள்.