ஆணிச் சப்பாத்து

பலெர்மோவிலை, லிபெர்த்தாத் தெருவிலை நான் பராமரிச்ச கிழவர் பின்லாந்துக்காரர். ஒரு காலத்திலை நெடுந்தூர ஓட்டத்திலை நாட்டுக்கே சம்பியன். பலெர்மோக்காரியைக் கலியாணம் கட்டி இஞ்சையே தங்கிவிட்டார். நான் வேலைக்குப் போகேக்கை கண் தெரியாது, காலும் வழங்காது, கட்டிலோடைதான். குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்திறது என்ரை வேலை.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு பொருத்தம். அவற்றை ஊரிலையும் வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை நடக்கமாட்டினமாம். முதல் நாள் நான் செருப்பை வாசலிலை கழட்டிப்போட்டு வர, காலடிச் சத்தத்தை வைச்சே கண்டுபிடிச்சுச் சிரிச்சார். அவற்றை மனிசி சிஞ்ஞோராவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் விசர்.

ஒரேயொரு சோடி மட்டும் அந்த அறைக்குள்ளை இருந்தது. சம்பியனான அண்டைக்குப் போட்ட ஆணிச் சப்பாத்து, ஒரு துணிப் பையுக்கை, கட்டிலுக்குப் பக்கத்திலை. காலமையிலை அதை எடுத்துக் குடுக்கவேணும். அடியிலை இருக்கிற ஆணியளை ஒவ்வொண்டாத் தடவிப் பார்ப்பார்.

"என்னைச் சவப்பெட்டியிலை வைக்கேக்கை இதைத்தான் எனக்குக் கொழுவவேணும். என்ரை மனிசி கறுத்தச் சப்பாத்தைப் போட்டுவிடுவாள். உன்னைத்தான் நம்பியிருக்கிறன்" எண்டார்.

"ஓம், நான் பாக்கிறன்" எண்டன்.

பாஸ்காப் பெருநாளுக்கு முதல் பாதர் வீடு மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளிக்கிற இடத்திலை சப்பாத்துக் கிடக்கலாமோ? எங்கடை ஆக்கள் விடுவினமோ? பெரிய பக்திக்காரி நான்! பையைத் தூக்கி வெளியிலை படியிலை, என்ரை செருப்புக்குப் பக்கத்திலை வைச்சன். இந்த ஊரிலை படியிலை கிடக்கிறது குப்பை எண்டு எனக்கு ஆர் சொன்னது? பாதர் போனாப்பிறகு பார்த்தால் செருப்புமில்லை, பையுமில்லை. படி கூட்டிறவள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தாள். வெறுங்காலோடை தெருமுனைக்கு ஓடினன். குப்பை லொறி போயிட்டுது.

அடுத்த நாள் சந்தையிலை ஒரு கன்வஸ் சப்பாத்து வாங்கி வேறை பையுக்கை போட்டுக் குடுத்தன். அவர் அடியைத் தடவினார். திருப்பியும் தடவினார்.

"ஆணியெல்லாம் துருப்பிடிச்சு விழுந்திட்டுது" எண்டன். கண் தெரியாத மனிசனிட்டை அப்பிடியொரு பச்சைப் பொய்.

பிறகு சப்பாத்தை என்ரை பக்கம் நீட்டினார்.

"நேற்று நீ வெறுங்காலோடை படியிலை இறங்கி ஓடினது கேட்டது. உன்ரை செருப்பும் போயிட்டுதெல்லே? இதை நீ போடு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதன். அதுக்குப் பிறகு காலமையிலை அவர் சப்பாத்துக்கெண்டு கை நீட்டேல்லை. அதைத்தான் என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு.

கோடை முடியமுதல் கிழவர் மோசம் போயிட்டார். பெட்டியிலை வைக்கிறதுக்கு உடுப்பு மாத்தி முடிய, சிஞ்ஞோரா அலுமாரியைத் திறந்து மினுக்கின கறுத்தச் சப்பாத்தைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தா. நான்தான் கொழுவி, நாடாவைக் கட்டிவிட்டன்.