எவர்சில்வர் துப்பாக்கி

நான் சேலத்துக்காரி. உலோகவியல் படித்தவள். எங்கள் வகுப்பில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு நியூ ஜெர்சி. பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் எல்லாரும் போன வழியிலேயே நானும் போனேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்றுக்கொண்டு வேலையில் சேர்ந்தேன். டெக்சஸுக்கு வீடு மாற்றி வந்த பிறகும் அதே வேலைதான். உலோகவியல் பெட்டிக்குள் இருக்கும் டிகிரி சர்டிபிகேட்டோடு நின்றுபோயிற்று.

துப்பாக்கி சுடப் பழகியது ஆபீஸ் தோழி ஒருத்தியால். ஒரு சனிக்கிழமை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போனாள். வரிசையாக நட்டுவைத்த இரும்புத் தட்டுகள். குண்டு பட்டால் 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சுடும் அந்தச் சில நொடிகளில் வேலை, வீடு, மகளின் காலேஜ் என்று எதுவும் மனசில் இருக்காது. கையும் கண்ணும் மட்டும்தான். முதலில் வாடகைத் துப்பாக்கி, பிறகு சொந்தமாக ஒரு சாதாரணத் துப்பாக்கி, பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் என்று போனது. என் கணவருக்கு இதில் இஷ்டமில்லை. தடுக்கவும் இல்லை. துப்பாக்கி வீட்டில் இருந்தால் இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் இருக்க வேண்டும், குண்டுகள் தனியாக இருக்க வேண்டும் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் வைத்திருப்பேன்.

போட்டிகளில் ஓரளவு நிலைத்து நின்ற பிறகு, என் கைக்கு என்றே ஒரு துப்பாக்கி செய்துகொள்ள ஆசை வந்தது. அப்படிச் செய்து தருகிற டெக்சஸ்காரர் ஒருவர் டாலஸுக்கு வடக்கே, குதிரைப் பண்ணைகளைத் தாண்டி, தகரக் கொட்டகை ஒன்றில் பட்டறை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், குறைவான பேச்சு. வருஷத்துக்குக் கொஞ்சம் துப்பாக்கிகள்தான் செய்வார், எல்லாம் கைவேலை. என் உள்ளங்கையை அளந்தார், விரல் எட்டும் தூரத்தைப் பார்த்தார். பிடி எவ்வளவு தடிமன், விசை எவ்வளவு மென்மை என்பதெல்லாம் பேச்சே இல்லாமல் முடிவாயிற்று. மேல்பூச்சு என்று வந்தபோதுதான் இழுபறி ஆரம்பித்தது.

அவர் கறுப்புப் பூச்சுதான் என்றார். வேர்வை இரும்பைத் தொடாது, வெயிலில் கண் கூசாது, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பார்க்க நன்றாக இருக்கும் என்று முதலில் ஏதோ சொல்லி வைத்தேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனாலும் சொன்னேன். பூச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மேலே போட்டது மேலே போட்டதுதான். உறையில் உரசி உரசி ஓரங்களில் ஒருநாள் போய்விடும். நானாக அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேறொருவர் பூச்சுப் போட வேண்டியதில்லை. அதில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து தானே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் திரும்பப் போர்த்திக்கொள்ளும். காலேஜில் இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பாகத்தை எடுத்து என் கையில் வைத்தார். துப்பாக்கியின் மேல்பகுதி, ஸ்டெயின்லெஸ். வாங்கினவர் திருப்பி அனுப்பியது. அதன் மேலே மிளகாய்ப்பொடியைத் தூவினாற்போல் சின்னச் சின்னத் துருப் புள்ளிகள். டெக்சஸ் வேர்வை இப்படித்தான் செய்யும், ஸ்டெயின்லெஸ் என்பதெல்லாம் பெயருக்குத்தான் என்றார். இந்த மாதிரி இன்னும் சில வந்திருக்கின்றனவாம். அதனால்தான் யாருக்கும் இப்போது அதைச் சிபாரிசு செய்வதில்லை என்றார்.

அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் மேல்புறத்தில் மட்டும்தான் இருந்தன. கண் கூசாமல் இருக்க மங்கலாக்கியிருந்த இடத்தில். கையால் தேய்த்து வழவழப்பாக்கிய பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. கை அதிகம் படுவது பக்கங்களில்தான். வேர்வைதான் காரணம் என்றால் அங்கே அல்லவா முதலில் துருப்பிடித்திருக்க வேண்டும்?

மேல்புறத்தை எப்படி மங்கலாக்கினீர்கள் என்று கேட்டேன். மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். அதற்குள் பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வேகமாக அடிப்பார்களாம். சாதாரண இரும்புப் பாகங்களையும் இதிலேயேதான் அடிப்பீர்களா என்றேன். எல்லாவற்றையும் இதில்தான் என்றார். மணிகளை எப்போது மாற்றுவீர்கள் என்றேன். மாவாகப் போனதும் மாற்றுவேன் என்று சிரித்தார்.

அப்போது சொன்னேன். சாதாரண இரும்பிலிருந்து உதிர்ந்த துகள்கள் அந்த மணிகளோடு கலந்துவிடுகின்றன. ஸ்டெயின்லெஸ்ஸை அடிக்கும்போது அந்தத் துகள்கள் அதன் மேல் பதிந்துவிடுகின்றன. துருப்பிடிப்பது அந்தத் துகள்தான், உங்கள் ஸ்டெயின்லெஸ் இல்லை. அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. இந்த வேலையை நான் ரொம்பக் காலமாகச் செய்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதிகம் பேசிவிட்டோமோ என்று இருந்தது. சாப்பிடும்போது கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ரசத்தைக் கலந்துகொண்டே, "நீ சொல்றது சரின்னு உனக்குத் தெரியுதில்ல? அப்புறம் என்ன, ப்ரூவ் பண்ணிக் காட்டு" என்றார்.

மறுநாள் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். ஒரே ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் பழைய மணியிலும் இன்னொன்றைப் பெட்டியைச் சுத்தமாகத் துடைத்துப் புது மணியிலும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு பெரிய துண்டு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு சரி, எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

வீட்டுப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இரண்டு துண்டுகளையும் வைத்தேன். காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளிப்பேன், வெயிலில் காயவிடுவேன். ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவே எழுந்துபோய்ப் பார்ப்பேன். ஆஸ்டினில் படிக்கும் மகள் வீடியோ காலில் வந்தவள், என்ன செய்கிறேன் என்று இங்கிலீஷில் கேட்டாள். லேப் வேலை என்றேன். சிரித்தாள். பிறகு, நீ உண்மையில் என்னதான் படித்தாய் என்று கேட்டாள். தட்டைக் கேமராவில் காட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். போனில் சார்ஜ் தீரும்வரை சொன்னேன். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், "அம்மா, யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ" என்றாள்.

அந்த வார முடிவுக்குள் பழைய மணியில் அடித்த துண்டில் புள்ளிகள் வந்துவிட்டன. இன்னொன்று அப்படியே இருந்தது. எனக்கு அதோடு விட மனசு வரவில்லை. புள்ளி விழுந்த துண்டைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, இந்தியன் கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, வெந்நீரில் கரைத்து அதில் ஊறப்போட்டேன். அந்த அமிலம் இரும்புத் துகளைத் தின்னும், ஸ்டெயின்லெஸ்ஸை ஒன்றும் செய்யாது. பிறகு மறுபடியும் உப்புத் தண்ணீர், மறுபடியும் வெயில். ஒரு புள்ளி வரவில்லை. பின்வாசலில் தனியாக நின்று அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரமோஷன் வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

இரண்டையும் டிஷ்யூவில் சுற்றி, போட்டோவோடு பட்டறைக்கு எடுத்துப்போனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு லென்ஸைக் கழற்றினார்.

"திருப்பி அனுப்பினவங்களுக்கெல்லாம் நான் போன் பண்ணணும். அவங்க வேர்வை மேல பழி போட்டுட்டேன்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நானும் ஒரு விஷயத்தில் இறங்கி வந்தேன். வெயிலில் கண் கூசும் என்று அவர் சொன்னது சரிதான். குறி பார்க்கும் பாகங்களுக்கு மட்டும் கறுப்புப் பூச்சு, மேல்புறத்தைப் புது மணியில் மங்கலாக்குவது, மற்றதெல்லாம் வெறும் ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்தோம். அடுத்த தடவை போனபோது ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மட்டும் என்று தனியாக ஒரு பெட்டி வந்திருந்தது. அங்கே நின்ற இன்னொரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "இவங்க மெட்டலர்ஜிஸ்ட்" என்றார். நான் மறுக்கவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

துப்பாக்கி கைக்கு வந்த அன்று கணவர் அது காலியா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வாங்கிப் பார்த்தார். "என்ன, நம்ம வீட்டு எவர்சில்வர் சொம்பு மாதிரியே இருக்கு" என்றார். அதேதாங்க என்றேன்.

அதுவரை தமிழ்க் குடும்பங்கள் நடுவில் இதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் என் கணவரே பெருமையாகச் சொல்லிவிட்டார். தட்டோடு நின்ற ஆன்ட்டி ஒருவர், நமக்கெதுக்கும்மா இதெல்லாம் என்றார். "எனக்கு இது நல்லா வருது ஆன்ட்டி" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு குறி பார்க்க முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

புதுத் துப்பாக்கியோடு போன முதல் போட்டிக்குக் கணவரும் வந்தார். அதுதான் அவருக்கு முதல் தடவை. மடக்கு நாற்காலியில், காதில் பெரிய மூடியோடு, பாட்டில் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். கை வேர்த்தது, பிடி நழுவவில்லை. ஒரு தட்டில் மட்டும் முதல் குண்டு படவில்லை, இரண்டாவது பட்டது. பெண்களில் அன்று நான்தான் முதலாவது. பலகையில் பெயர் ஏறியதும் அவர் அதைப் போட்டோ எடுத்தார். நான் துப்பாக்கியைக் காலி செய்து, துடைத்து, உறையில் வைத்துவிட்டு வருவதற்குள் அது மகளுக்குப் போய், சேலத்தில் இருக்கும் என் அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.