மடிக்குப் போகாத இரத்தம்

பசு பாலை அடக்கினால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அண்ணன் மாரடைப்பில் போன, ஆடி மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில் அவை எல்லாவற்றையும் நான் கேட்டேன். ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர், செத்தவரைத் தேடுகிறது என்றார். மாட்டுக்கு மனசு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

கொல்லயில் ஊரில் எங்கள் இரண்டு வீடும் ஒரே விளையில், ஒரே தோட்டத்துக்குள்தான். கல்யாணம் கட்டாத நான் ஒன்றில், அண்ணனும் அவர் மனைவியான மைனியும் மற்றதில். தீனி, தண்ணீர், சாணம் எல்லாம் மைனி பார்ப்பார். கறப்பது மட்டும் அண்ணன். அவர் போனபின் மைனியே செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்று முட்டும்போது சுரப்பு விடும் மாடு, மைனி கை வைத்ததும் பின்னங்காலை உதறும். மடி இறுகிப்போகும். செம்பின் அடி நனைந்தால் பெரிய காரியம்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். நோய் எதுவும் இல்லை, பயம்தான் என்றார். இப்படியே தேங்கினால் மடிவீக்கம் வரும் என்றும் எச்சரித்தார். திருவனந்தபுரத்தில் ஃபிளாட்டில் இருக்கும் அண்ணன் மகளுக்கு அது போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தரகரை வரச் சொல்லிவிட்டாள். மாட்டை விற்று, வீட்டைப் பூட்டி, அம்மையைக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு. மைனி தலையை ஆட்டினார். சாப்பாடுதான் குறைந்துகொண்டே போனது.

நான் நெய்யாற்றின்கரையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள். இந்தக் கதை என் பாடத்திலேயே உண்டு. கன்று முட்டினால் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கிளம்பும். அது இரத்தத்தில் ஏறி மடிக்குப் போய்ப் பாலை இறக்கும். ஆனால் மாடு பயந்துவிட்டால், சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாயும். கால் தசைக்குப் போகும் இரத்தக் குழாய்களை அது விரிக்கும். தோலுக்கும் மடிக்கும் போகிறவற்றைச் சுருக்கும். ஓடித் தப்ப வேண்டிய மாட்டுக்கு அந்த நேரத்தில் மடி எதற்கு? ஆக்சிடோசின் பாதி வழியில் நிற்கும், பால் உள்ளேயே கிடக்கும். ஆகவே ஆக்சிடோசின் ஊசி போட்டால் பால் இறங்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டிடம் மருந்துக்குக் குறைவில்லை, அது போகிற வழிதான் அடைந்திருந்தது. இதை மைனியிடம் விளக்கினேன்.

"அதுக்க பயத்த நீ எங்ஙன எடுப்ப?" என்றார் மைனி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சனிக்கிழமை விடியும்போது நானும் தொழுவத்துக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. மைனி கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரமாக வந்தார். குளிக்காமல் பசுவைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாவு நடந்த வீட்டில் அது இன்னும் கடுமை. காய்ச்சிய தண்ணீர் சுத்தம் தராது, கிணற்றில் கோரியதுதான் தரும். அண்ணன் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மதித்ததில்லை. கட்டன் சாயா குடித்த கையோடு போய்க் கறப்பார்.

என் கையிலிருந்து செம்பை வாங்கும்போது மைனியின் விரல்கள் என்மேல் பட்டன. எனக்கே உடம்பு சிலிர்த்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. குளிர் பாதி, உதை விழுமோ என்ற பயம் பாதி. மாட்டின் மடியில் நடந்ததுதான் மைனியின் விரல்களிலும் நடந்துகொண்டிருந்தது. பயந்த கை பட்டு மாடு பயந்தது, மாடு உதைத்ததில் கை இன்னும் விறைத்தது.

"மைனி, இனி சூடுவெள்ளத்துல குளிங்க."

"தோஷம் ஆக்கும் மக்கா."

"பசுவுல இருக்க லட்சுமி கோவிச்சா எனக்கிட்ட வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிடுதேன்."

அடுப்பில் தண்ணீர் சூடாகும்வரை அவர் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். எங்கள் வீட்டில் தொட்டுப் பேசும் பழக்கம் கிடையாது. இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. மைனி, "அவரு போனதுக்குப் பொறவு என்னைய ஆரும் தொடல்ல, கேட்டியா" என்றார். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இத்தனை பேர் வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தோம்.

வெந்நீரில் மடியைத் துடைத்து, கையையும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார் மைனி. மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. காலை மாற்றி வைத்தது, உதைக்கவில்லை. செம்பில் பால் விழும் சத்தம் மெல்லக் கனத்தது. அரைச் செம்புதான் என்றாலும் எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மாடு மிரளும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் தரகருக்கு முன்பே வந்துவிட்டாள். நிறைந்த செம்பைக் காட்டினேன். அவள் முகம் மலரவில்லை.

"பாலுக்காக இல்ல அத்தை" என்றாள். பிறகு மைனியைப் பார்த்து உடைந்துபோனாள். "அப்பா விளையில விழுந்து கெடந்தது ஒரு மணிக்கூர் கழிஞ்சுல்லா தெரிஞ்சது? அதுபோல நீயும் ஒத்தைக்குக் கெடந்தா நான் என்னம்மா செய்வேன்?"

அவள் அழுவதை நாங்கள் இருவரும் அன்றுதான் பார்த்தோம். அடக்கத்தன்றுகூட வந்தவர்களுக்குச் சாயா கொடுத்துக்கொண்டு நின்றவள் அவள். மைனி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நான் எழும்பாம கறக்கிற நேரம் தப்பினா இந்த மாடு கத்தும் மக்கா. அத்தை கேட்டு ஓடி வருவா. ஒனக்க ஃபிளாட்டுல, நீ வேலைக்குப் போன பொறவு நான் விழுந்து கெடந்தா, ஆரு கத்துவா?"