ஒரு சகோதரியின் மூச்சுக்காக

கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவர்களுக்கு எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு உண்டு. நடத்துவது நான். மனைவி பேசும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், அவள் சொல்லி முடிக்குமுன் தீர்வு சொல்லாதீர்கள், பெரிய முடிவை இரண்டு பேரும் உட்கார்ந்து எடுங்கள் என்று மாப்பிள்ளைப் பையன்களுக்குச் சொல்வேன். அவர்கள் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். பெண்கள் தலையாட்டுவதில்லை. ஜன்னல் வழியாகக் குருமனைப் பக்கம் பார்ப்பார்கள். குருமனை என்பது போதகர் குடியிருக்கச் சபை கொடுத்திருக்கும் வீடு. அங்கே கொடியில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்வதெல்லாம் நடைமுறைக்கு வருமா என்பதை அவள் முகத்தில் சரிபார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரப் பெண்கள்.

அந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்த வாரங்களில்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் இடமாற்றம் கேட்டேன்.

கேட்ட காரணம் பொய்யில்லை. அவளுக்கு மூச்சு இழுப்பு. எண்ணூருக்கு வந்த புதிதில் வெறும் இருமலாகத்தான் இருந்தது. எங்கள் கோவிலுக்குக் கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் புகைபோக்கி. முன்னால் இருக்கும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எங்களுக்கென்று எதையாவது கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை அங்கியை இரண்டு தரம் உதறித்தான் போடவேண்டும், அத்தனை சாம்பல். மருத்துவர் அவளுக்கு இன்ஹேலர் எழுதிக்கொடுத்துவிட்டு, "முடிஞ்சா இடம் மாறிப் பாருங்க" என்றார். அவள் அதை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான பேச்சாக எடுத்துக்கொண்டாள். நான் ஆண்டவரின் குரலாக எடுத்துக்கொண்டேன்.

நேர்மையாகச் சொன்னால், என் நுரையீரல் நன்றாகவே இருந்தது. மூச்சு முட்டியது வேறு இடத்தில். இந்தப் பகுதியில் போதகன் என்றால் பாதி அரசியல்வாதி. தேர்தல் வந்தால் ஒவ்வொரு வேட்பாளரும் ஆராதனை முடியும் நேரம் பார்த்து வந்து பீடத்தின் முன்னால் முழந்தாளிடுவார். எல்லார் தலையிலும் கை வைத்து ஒரே ஜெபத்தைச் செய்வேன். யார் ஜெயித்தாலும் ஜெபம் கேட்கப்பட்டதாகிவிடும். ஒரு விடியற்காலை தொழிற்சாலைப் பக்கமிருந்து ஏதோ வாயு வந்து ஊரே கண்ணெரிந்து ஓடியபோது, பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தேன், அவர்களை எழுப்ப வந்த போலீசுக்கும் கொடுத்தேன். இதற்கு நடுநிலை என்று பெயர். என் மனைவி தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் சாலையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் ராயபுரத்தில் பிறந்தவள், துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகள். நான் திருநெல்வேலிப் பக்கம். என் தமிழ் கோவிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற தமிழ். சாதாரண நாட்களில் அவளும் என்னிடம் 'நீங்க' போட்டு நல்ல தமிழில்தான் பேசுவாள். கோபம் வந்தால் ராயபுரம் வந்துவிடும்.

மாற்றல் விஷயங்களைப் பார்க்கும் பெரியவரைத் தலைமை அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். "வீட்டம்மா உடம்புன்னா நான் எப்படி மறுக்கறது?" என்று இரங்கினார். தாம்பரம் தாண்டி ஒரு சபை. வளாகத்தில் வேப்பமரங்கள், பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கும் ஜனங்கள், கட்சிக்காரர்கள் வந்தாலும் பின்வரிசையில் உட்காரும் ஊர். அடுத்த மாதமே போகலாம் என்றார்.

இனி சபைக்குச் சொல்லவேண்டும். அதற்குமுன் மனைவிக்குச் சொல்லவேண்டும். நான் சபையிலிருந்து ஆரம்பித்தேன்.

பிரசங்கத்துக்கு முன்னால் ஜெப விண்ணப்பங்களை வாசிப்பது எங்கள் வழக்கம். பெயர் சொல்வதில்லை. ஒரு சகோதரனின் வேலைக்காக, ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக என்றுதான் வாசிப்பேன். யார் அந்தச் சகோதரன், எந்தக் குடும்பம் என்பது கடைசி பெஞ்சில் உள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த ஞாயிறு கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். "மூச்சுத் திணறலால் வேதனைப்படும் ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த ஊர்க் காற்று அந்தச் சகோதரிக்கு ஒத்துக்கொள்ளாதபடியால் ஆண்டவர் வேறு வழியைத் திறக்கும்படியாகவும்" என்று முடித்தேன். சபை அமைதியானது. அந்த அமைதியில், பெண்கள் பக்கம் முதல் பெஞ்சிலிருந்து என் மனைவி இருமினாள்.

மத்தியானம் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா அது?"

"எது?"

"வழி தொறக்கணும்னியே. எந்த வழி? பீச் ஸ்டேஷன்ல ஏறி தாம்பரம் போற வழியா?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. போதகர்களின் மனைவிமார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்பதைத் தலைமை அலுவலகமும் நானும் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

"உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லது எனக்கே தெரியாம உன்கிட்டயா கீது? அத நா சர்ச்சுல மைக்குல கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா?"

குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல அது நேரமில்லை என்ற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

அன்று மாலையே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் நொச்சி இலையைக் கட்டாகக் கொண்டுவந்து ஆவி பிடிக்கச் சொன்னார். ஒருவர் ஆடாதொடைக் கஷாயத்தைச் சொம்போடு கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்காரும் ஆளும் கட்சி வட்டச் செயலாளர் ஆப்பிளோடு வந்தார். ஆப்பிளுக்குப் பின்னால் போட்டோ எடுக்கிறவர் வந்தார். கடைசியாக வந்தவள் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா. அவளுக்கு மைக் வைத்தால் மைக்குக்குத்தான் சிரமம்.

"பாஸ்டரம்மாக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா உட்டுடுவமா? வெள்ளிக்கெழம உபவாச ஜெபம். நீயும் ஒருவேள சோத்த கொறச்சிக்கோ பாஸ்டரய்யா. தொப்ப கீதுல்ல, தாங்கும்."

வெள்ளிக்கிழமை கோவிலில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நான் பக்கவாசலில் நின்றுகொண்டேன். அக்கா முழங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் என் மனைவி எழுந்தாள்.

"யக்கா, ஒரு நிமிஷம். எனக்கு மட்டும் ஜெபம் பண்ணாதீங்க. இங்க யார் யாருக்கு மூச்சு இழுக்குது? கைய தூக்குங்க."

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி முதலில் கை தூக்கினாள். பிறகு அவள் பக்கத்திலிருந்தவள். ஒரு தாய் தன் கையைத் தூக்கிவிட்டு, மடியில் தூங்கிய குழந்தையின் கையையும் பிடித்துத் தூக்கினாள். கண்ணை மூடியபடி நின்றிருந்த அக்கா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தானும் தூக்கினாள். எழுப்புதல் கூட்டங்களில் எத்தனையோ முறை கை தூக்கச் சொல்லியிருக்கிறேன். தயங்கித் தயங்கி அங்கொன்று இங்கொன்றாக எழும்பும். என் பிரசங்கம் எதற்கும் எழும்பாத கைகள் அன்று எழும்பி நின்றன. இவர்கள் அத்தனை பேரின் வீட்டுக்கும் போய் ஜெபித்திருக்கிறேன். எல்லார் வீட்டிலும் அந்த இருமலைக் கேட்டிருக்கிறேன். ஆமென் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இத்தினி பேருக்கும் எந்த ஊருக்கு மாத்தல் குடுப்பாங்க பாஸ்டரய்யா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை என் மனைவி கோபமெல்லாம் தீர்ந்த குரலில் பேசினாள். பேச்சு மட்டும் ராயபுரத்திலேயே நின்றிருந்தது; கோபமாகவே பேசியிருந்தால் தேவலை.

"நீ போ. நா வரல. ராயபுரத்துல எங்க அண்ணன் வூடு கீது. ஞாயித்துக்கெழம ஆராதன முடிச்சிட்டு ரயிலேறி வா, சோறு போடறேன். வெள்ளிக்கெழமையானா நா இங்க வந்து இவங்களோட உக்காந்துக்கறேன்."

"இந்தப் பக்கமே இருந்தால் உனக்கு இன்னும் மோசமாகும்."

"ஆகும். தெரியும்."

மறுத்துப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒத்துக்கொண்டவளிடம் என்ன பேசுவது? இழுத்துக்கொண்டு போனால் அவள் பிழைப்பாள், நாங்கள் பிழைப்போமா தெரியாது. இருந்தால் நாங்கள் பிழைப்போம், அவள்? இதைத் தராசில் வைத்துப் பார்க்கிற அறிவை எந்த இறையியல் கல்லூரியும் எனக்குத் தரவில்லை. தந்திருந்தாலும் அன்றைக்கு நான் வகுப்புக்குப் போயிருக்கமாட்டேன்.

மறுநாள் கல்யாண வகுப்பில், கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் மாப்பிள்ளைப் பையன் கேட்டான். "ரெண்டு பேரும் உக்காந்து முடிவு எடுக்கணும்னு சொன்னீங்க பாஸ்டர். உக்காந்தப்புறமும் ஆளுக்கு ஒண்ணு சொன்னா இன்னா பண்றது?"

"ஜெபம் பண்ணுவோம்" என்றேன். பதில் தெரியாத இடத்தில் வகுப்பை முடித்துக்கொள்ள எங்கள் தொழிலில் அப்படி ஒரு வசதி உண்டு. அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் ஜன்னலைப் பார்த்தாள். கொடியில் அன்று என் அங்கி மட்டும் தொங்கியது.

திங்கட்கிழமை பெரியவரை ஃபோனில் பிடித்தேன்.

"ஐயா, அந்த மாற்றல் வேண்டாங்க."

"அம்மாவுக்கு உடம்பு தேறிடுச்சா?"

"இல்லைங்க."

"பின்ன?"

"அவங்க வரமாட்டேங்கறாங்க."

"சபைக்குப் போதகர் நீங்களா, அவங்களா?"

"அதை இன்னும் ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணலைங்க."

அவர் சிரிக்கவில்லை. இனி நானாகக் கேட்டாலும் கிடைக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. மலரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கோசரம் நின்னுட்டியா, என்னப் பாத்து பயந்துகினு நின்னுட்டியா?"

"ரெண்டும்தான்."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் இழுப்பானது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இன்ஹேலரை எடுத்துக் குலுக்கிக் கொடுத்துவிட்டு அவள் முதுகில் கை வைத்தேன். எத்தனையோ வேட்பாளர்களின் தலையில் வைத்துப் பழகிய கை. அந்தத் தலைகளில் அது ஒரு ஜெபத்துக்கு மேல் தங்கியதில்லை.

"ஞாயித்துக்கெழம," என்றாள், மூச்சுக்கு நடுவே. "கை தூக்கனவங்க... எல்லாரையும்... பேரோட படி. எந்தக் காத்து ஒத்துக்கல... அதயும் சொல்லு."

முதல் வரிசையில் வட்டச் செயலாளர் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"மொதல்ல மூச்சு விடு."

"படிப்பியா?"

"படிக்கிறேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் மூச்சின் விசில் சத்தம் ஏறுவதும் இறங்குவதும் உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டிருந்தது.