கேப்ரியல் சோதித்த அறுபது மடங்குக் கேமரா

என் தம்பி கேப்ரியலைப் பற்றி எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லை. இருந்தவர்கள் தாங்கள் செய்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறார்கள். அதனால் அவன் அக்கா நானே எழுதிவிடுகிறேன்.

கேப்ரியல் ஈப்போவில் வீடு வீடாகப் போய் ஏர்கோன் பழுது பார்ப்பவன். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அவன் சிறு பையன். எதையும் ஒரு தடவை பார்த்து நம்பும் பழக்கம் அப்போதே அவனுக்கு இல்லை. டார்ச் லைட் வாங்கினால் அது எவ்வளவு நேரம் எரிகிறது என்று முன்னால் உட்கார்ந்து பார்ப்பான். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னால் அணைந்துவிட்டால் கடைக்காரரிடம் போய் அதைச் சொல்வான். மாற்றிக் கேட்கமாட்டான், சண்டை பிடிக்கமாட்டான், சொல்லிவிட்டு வந்துவிடுவான். இப்படிப்பட்டவனுக்கு இந்த ஊர் வைத்த பெயர் கிறுக்கன். அட்டையைப் படித்தே ஏமாறுகிறவன் இங்கே கெட்டிக்காரன்.

படம் எடுப்பதில் அவனுக்கு ஆசை. படம் எடுக்கும் கேமராவைச் சோதிப்பதில் அதைவிடப் பெரிய ஆசை. சோதித்ததைத் தமிழில் எழுதி பேஸ்புக்கில் போடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் லூமுட் பக்கம் கொக்குப் படம் எடுக்கப் போகும் ஆட்கள் அதைப் படிக்கிறார்கள். அந்த ஆட்களை ஒருமுறை பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, காது மூடும் தொப்பி. கொக்கு பாவம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இவர்கள் உன்னுடையது எத்தனை மடங்கு, என்னுடையது எத்தனை மடங்கு என்று பேசி முடிப்பதற்குள் அது சலித்துப்போய்ப் பறந்துவிட்டது. பறந்த பிறகு எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள்.

போன வருஷம் ஈப்போவில் ஒரு கடைக்காரர், எழுதிப் போடச் சொல்லி, இவனுக்குப் புதுக் கேமரா ஒன்றை ஒரு வாரம் இரவல் கொடுத்தார். லென்ஸ் மாற்ற வேண்டாம். அதிலேயே பொருத்திய ஒரே லென்ஸ், வீட்டு வாசல் முழுவதையும் பிடிக்கும், அறுபது மடங்கு கிட்டே இழுக்கவும் செய்யும். பொத்தானைத் தள்ளினால் லென்ஸ் மூக்கு நீள்வது போல வெளியே வரும். அதைப் பார்த்து வாய் பிளக்காத ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெட்டியின் மேல் பெரிதாக நிலா படம், பக்கத்தில் அறுபது என்ற எண். உள்ளே வெளிச்சம் வாங்கும் சில்லு சுண்டுவிரல் நகத்தளவுதான், அது சின்னதானால் இழுத்த படம் தெளியாது என்று கேப்ரியல் சொன்னான். அதைப் பெட்டியில் தேடிப் பார்த்தேன். போடவில்லை.

தூரத்தை இழுக்கும்போது எழுத்தும் முகமும் தெளிவாக விழுகின்றனவா என்று பார்க்க அவனுக்கு ஒரு பொருள் வேண்டும். பொடி எழுத்து இருக்க வேண்டும், சின்னச் சின்ன முகங்கள் இருக்க வேண்டும், காற்றில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அவன் எடுத்தது தமிழ்ப் பேப்பரின் இரங்கல் பக்கம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, முப்பத்தொன்றாம் நாள் கிரியை என்று கட்டம் கட்டமாக முகங்கள், கீழே மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் எறும்பு எழுத்தில். எங்கள் வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொள்ள முதலில் திறப்பதே அந்தப் பக்கம்தான். அதனால் அவனுக்கு அதில் வேறு யோசனை வரவில்லை.

எங்கள் வீட்டு வரிசைக்கும் எதிர்வரிசைக்கும் நடுவில் பந்து விளையாடும் திடல் இருக்கிறது. திடலின் அந்தப் பக்கத்துக் கம்பி வேலியில் பக்கத்தை விரித்துத் துணிக் கவ்வியால் மாட்டினான். இந்தப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் முக்காலியில் கேமராவை நிறுத்தினான். காலை வெயிலில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, மாலை மழைக்குப் பிறகு ஒரு தடவை, ஒவ்வொரு மடங்குக்கும் படம் எடுத்தான். கை பட்டு ஆடக்கூடாது என்று பொத்தானைத் தட்டிவிட்டு இரண்டு எட்டு தள்ளி நிற்பான். மூன்று நாள் இதே வேலை. ஆனால் வேலிக்கு நேர் பின்னால் கலாதேவி வீட்டு வாசல் இருந்ததையும், அவள் அங்கேதான் துணி காயப்போடுவாள் என்பதையும் அவன் கவனிக்கவே இல்லை. அவன் கவனித்தது பேப்பரில் இருந்த யாரோ ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியை.

கலாதேவி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவள். மூன்றாவது நாளான வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீறோடு வந்தவள், தன் வாசலுக்கு எதிரே செத்துப்போனவர்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தாள். யார் வைத்தது என்று திரும்பினால், திடலுக்கு இந்தப் பக்கம் என் தம்பி, அவளுடைய வீட்டை நோக்கி நீட்டிய லென்ஸ், அவளுக்குப் பின்னால் கொடியில் அவளுடைய துணிகள். அவள் நினைத்ததில் நான் குற்றம் சொல்லமாட்டேன். போய் மன்னிப்புக் கேள் என்று கேப்ரியலை அனுப்பினேன். போனான். கழுத்தில் அந்தக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டே போனான்.

சாயந்தரத்துக்குள் கனகராஜுக்குச் செய்தி போய்விட்டது. அவர் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். ஒரு காலத்தில் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்த நினைப்பு அவரை விட்டு இன்னும் போகவில்லை. தாமானில் சாக்கடை அடைத்தால் வரமாட்டார், தெருவிளக்கு எரியாவிட்டால் வரமாட்டார். ஒரு பெண்ணின் துணிக்கொடி சம்பந்தப்பட்ட புகார் என்றதும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை திடல் கொட்டகையில் விசாரிப்போம், பதில் சரியாக இல்லையென்றால் போலீஸில் புகார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப்ரியல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவன் தொழில் மற்றவர்கள் படுக்கையறைக்குள் போய்ச் செய்யும் தொழில். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போதும் கதவைத் திறந்து விடுவார்கள். எட்டிப் பார்க்கிறவன் என்ற பெயர் ஒட்டிவிட்டால் பிறகு யார் திறப்பார்கள்? சனிக்கிழமை வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். மழை விட்டிருந்தது. கொட்டகையில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கக் கூட்டத்துக்கு இவர்களில் பாதிப் பேர் வந்து நான் பார்த்ததில்லை. கலாதேவி ஒரு தூண் ஓரமாக நின்றாள். கேப்ரியல் எடுத்த படங்களை எல்லாம் கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எல்லாம் அதே பக்கம், அதே முகங்கள். காலையில் தெளிவாக, உச்சி வெயிலில் திடலின் அனல் நெளிந்து தண்ணீருக்குள் கிடப்பது போல, அறுபது மடங்கில் கண்ணும் மூக்கும் கரைந்து வெறும் மாவாக. கனகராஜ் கொட்டாவி விட்டார். மற்றதை அழித்திருப்பாய் என்றார்.

கேப்ரியல் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.

"நீங்களே பாருங்கய்யா. இதுல என்னா தெரியும், என்னா தெரியாதுன்னு பாத்துட்டு சொல்லுங்க."

கனகராஜ் வாங்கினார். அதிகாரமாகத்தான் வாங்கினார். பொத்தானைத் தள்ளியதும் மூக்கு நீண்டது. அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. முதலில் திடல் கோல் கம்பத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த மைனாவை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வந்து, "அண்ணே, நானும் பாக்குறேன் லா," என்று கையை நீட்டினார். இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அங்கே ஒரு வரிசை. விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கனகராஜ் மட்டும் கேமராவைக் கொடுக்காமல் மெதுவாக இடது பக்கம் திருப்பினார்.

"யம்மாடி, இங்கேருந்தே அங்க வரைக்கும் தெரியுதே. கலா, அந்த ஊதாக் கைலி ஒன்னோடதா?"

வரிசையில் கடைசியாக நின்றவர் நைசாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கலாதேவி தூணை விட்டு வந்தாள். அவர் கண்ணிலிருந்தே கேமராவை இறக்கினாள்.

"இது அவன் கையில மூணு நாளு இருந்துச்சு. அவன் புடிச்சதெல்லாம் பேப்பரு. ஒங்க கையில குடுத்து இன்னும் ஒரு டீ ஆறல, என் கைலிக்கு வந்துட்டீங்க." பிறகு என் தம்பி பக்கம் திரும்பினாள். "கேப்ரியலு, செத்தவங்க மூஞ்சிய என் வாசல்ல மாட்டினது ஒன் தப்பு. அத மறக்க மாட்டேன். மத்தத நான்தான் தப்பா நெனச்சுட்டேன். போலீஸ் ரிப்போட் ஒன்னும் வேணாம்."

கனகராஜ் தான் சும்மா சோதித்துப் பார்த்ததாகச் சொன்னார். சோதிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரே பக்கத்தை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியுமா? துணி மாட்டியிருந்தால் வேண்டுமானால் முடியும்.

கேப்ரியல் அந்த வாரமே எழுதிப் போட்டான். காலை, மாலை வெளிச்சத்தில் பாதி மடங்கு வரை குறை சொல்ல முடியாத கேமரா, ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு ஒரே கேமராவாகப் போதும், அதற்கு மேல் உள்ள மடங்கெல்லாம் பெட்டியில் அச்சடிக்கத்தான் என்று எழுதினான். எந்தப் படம் எந்த வெயிலில் எடுத்தது என்று கீழே போட்டிருந்தான். அதைப் படித்த கொக்கு ஆட்கள் கேட்ட ஒரே கேள்வி, நிலா எடுக்கலாமா என்பதுதான். மறுநாள் கனகராஜும் வந்தார், எந்தக் கடை என்று கேட்க. அறுபது மடங்கில் எல்லாம் மாவாகத்தான் விழும் என்று என் தம்பி பொறுமையாக விளக்கினான். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு நேரே போய் அதையே வாங்கிவிட்டார். சாயந்தரம் மாடியில் நின்று நிலா எடுக்கிறாராம். நிலா இல்லாத நாளிலும் நிற்கிறார்.

கலாதேவி வாசலில் தகரம் அடித்தாள். கனகராஜ் வீட்டை நோக்கிய பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல். எங்களைப் பார்த்த பக்கம் பழையபடி திறந்தே இருந்தது.

அடுத்த மாதம் அவளுடைய படுக்கையறை ஏர்கோனில் தண்ணீர் ஒழுகியது. கேப்ரியலைக் கூப்பிட்டாள். அவன் உறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவளுக்குச் சிற்றுண்டிச்சாலைக்கு நேரமாகிவிட்டது. அறைக்கதவையும் அலமாரியையும் இருந்தபடியே விட்டு, வேலை முடிந்ததும் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் பூட்டி, இழுத்துப் பார்த்து, திடலைத் தாண்டி வந்து சாவியை என் கையில் கொடுத்தான். அதன் பிறகுதான் அன்றைக்கு வேண்டாம் என்ற அந்த இரண்டு வீட்டிலிருந்தும் திரும்பக் கூப்பிட்டார்கள்.